சீனப் பேரை வாய்விட்டு சொல்றது எப்படி? அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் ஒரகடம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில பர்ச்சேஸ்ல இருக்கேன், எங்க சப்ளையர்ல பாதி பேர் சீனாக்காரங்க. கொஞ்சம் மாண்டரின் (சீனாவோட பொதுப் பேச்சு மொழி) கத்துக்கிட்டேன், அதுலேர்ந்து யாருக்கு வீடியோ கால் இருந்தாலும் பத்து நிமிஷம் முன்னாடி என் சீட்டுக்கு வந்து "இந்த பேர எப்படிப்பா சொல்றது"ன்னு நிக்கறாங்க. செஸ் பாக்கற ஃப்ரெண்ட்ஸும் இதையேதான் கேக்கறாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன், கேள்விங்க அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. தமிழ் எழுத்துல எழுதினா நூத்துக்கு நூறு வராதுதான், ஆனா இங்கிலீஷ் வழியா சுத்திப் போறதுக்கு தமிழ் வழியா போனா இந்த பேருங்க சீக்கிரம் வாய்ல வந்துடும், இது ஏன்னு போகப்போக தெரியும்.

இங்கிலீஷ்லதானே எழுதியிருக்கு, அப்படியே படிச்சா என்ன?

எழுத்துதான் இங்கிலீஷ் எழுத்து, ஒலி சீன ஒலி. அந்த எழுத்து முறைக்கு பின்யின்னு பேரு, 1958ல சீன அரசு இத அதிகாரபூர்வமா கொண்டு வந்தது. அத உருவாக்கின குழுவுல முக்கியமான ஆளு ஜோவ் யோவ்குவாங், பொருளாதாரம் படிச்சு பேங்க்ல வேலை பாத்தவர், 2017ல தன்னோட 111வது வயசுல இறந்து போனார்.

அவங்க இத வெள்ளைக்காரன் படிக்கறதுக்காக செய்யல, சீனப் பசங்க எழுத்து கத்துக்கறதுக்காக செஞ்சாங்க. அதனால கையில இருந்த ரோமன் எழுத்துல எது சும்மா கிடந்துச்சோ அத எடுத்து தங்களுக்கு வேண்டிய ஒலிக்கு குடுத்துட்டாங்க. எக்ஸ், க்யூ, சி, இசட் எல்லாம் அப்படி வேலை மாறின எழுத்துங்க. வி மட்டும் சீனச் சொல்லுக்குத் தேவைப்படலன்னு விட்டுட்டாங்க.

எது பேரு, எது குடும்பப் பேரு? மெயில்ல ஒரு மாதிரி இருக்கு, கார்டுல வேற மாதிரி இருக்கு

சீனாவுல குடும்பப் பேர்தான் முன்னாடி. ஷீ ஜின்பிங்ல ஷீங்கறது குடும்பம், ஜின்பிங்கறது அவரோட சொந்தப் பேரு. திங் லீழன்ல திங் குடும்பம். (யாருடா இதுன்னு யோசிக்காதீங்க, நம்ம குகேஷோட ஆடினவர்தான், கீழ வர்றார்.) குடும்பப் பேரு பெரும்பாலும் ஒரே அசை, சொந்தப் பேரு ஒண்ணோ ரெண்டோ அசை. வாங், லீ, ஜாங் இந்த மூணு குடும்பப் பேருல மட்டும் ஒவ்வொண்ணுலயும் கிட்டத்தட்ட 10 கோடி பேர் இருக்காங்க, அதனால "வாங்னு ஒருத்தர் பேசினாரு"ன்னு நோட் எழுதி வச்சா அது யாருன்னு யாருக்குமே புரியாது.

குழப்பம் எங்க வருதுன்னா வெளிநாட்டு மெயிலுக்காக சில பேர் தாங்களே திருப்பிப் போட்டுக்கறாங்க. ரெண்டு அசை இருக்கற பக்கம் சொந்தப் பேருன்னு எடுத்துக்கிட்டா பெரும்பாலும் சரியா இருக்கும், ஓவ்யாங் மாதிரி ரெண்டு அசை குடும்பப் பேரும் உண்டு ஆனா அபூர்வம். ரெண்டு பக்கமும் ஒரே அசைன்னா கேட்டுடறதுதான் நல்லது. பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம் கட்டத்துல என்ன போடறதுன்னு அப்பா பேரை வச்சு முழிக்கிற நமக்கு இது புரியாத விஷயம் இல்ல. இன்னொண்ணு, கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க குடும்பப் பேர மாத்திக்கறதில்ல, சீன அதிபரோட மனைவி பேரு பங் லீயுவென், ஷீன்னு ஒட்டாது.

எக்ஸ்ல ஆரம்பிச்சா ஜியா, ஸியா, க்ஸியா?

மூணும் இல்ல, ஷ. நாக்கு நுனிய கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி வச்சுக்கிட்டு, சிரிக்கற மாதிரி உதட்ட விரிச்சு ஷீ சொல்லுங்க, அதான் எக்ஸ். ஃபோன் கம்பெனி பேரு ஷியாவ்மீ, கடைக்குக் கடை சியோமி, ஜியோமின்னு மாறும்.

2014 செப்டம்பர்ல சீன அதிபர் இந்தியா வந்தப்போ தூர்தர்ஷன்ல நியூஸ் வாசிச்சவங்க எக்ஸ்-ஐய ரோமன் எண்ணுன்னு நெனச்சு "இலெவன் ஜின்பிங்"னு படிச்சிட்டாங்க, வேலையும் போச்சு. அப்புறம் அவரு 2019 அக்டோபர்ல மாமல்லபுரத்துக்கே வந்தாரு, அப்ப நம்ம பேப்பர்காரங்க ஒருத்தர் ஜி போட்டாங்க, ஒருத்தர் ஷி போட்டாங்க. ஷி போட்டவங்கதான் கிட்ட வந்தவங்க.

க்யூவுக்கு அப்புறம் யூவே காணோம், இத எப்படி சொல்றது?

ச்ச. பச்சை, அச்சுல வர்ற ச்ச இருக்கு பாருங்க, அதோட ஒரு பலத்த மூச்ச சேர்த்து விடுங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல டென்னிஸ் தங்கம் வாங்கின பொண்ணு பேரு ஜங் ச்சின்வன், அதுல சொந்தப் பேரு க்யூ-ஐ-என்னுன்னுதான் ஆரம்பிக்கும், அத கின்வென், க்வின்வென்னு எல்லாம் படிச்சாங்க. ஜே எழுத்து இதுக்கு தம்பி, அதே இடம் அதே ச்ச, மூச்சு மட்டும் வேண்டாம். ஜன்னு லேசா சொன்னாலும் யாரும் கோச்சுக்க மாட்டாங்க, நானும் இந்த பக்கம் முழுக்க ஜன்னுதான் எழுதறேன்.

இசட்-எச் வந்தா ழ தானே? கனிமொழி, கோழிக்கோடு எல்லாம் அப்படித்தானே எழுதறோம்?

இதுல விழாத தமிழன நான் பாத்ததில்ல. நம்மளையும் மலையாளிங்களையும் தவிர வேற ஊர்க்காரன் யாருக்கும் வராத தப்பு இது. நாம ழவுக்கு இசட்-எச் போட்டுப் போட்டு பழகிட்டோம், அதனால கண்ணு பாத்த உடனே வாய் ழாங், ழூ, ழெங்னு போயிடுது. பின்யின்ல இசட்-எச்னா ஜ மாதிரி ஒரு ஒலி. ட சொல்றதுக்கு நாக்க மேல மடக்குவீங்கல்ல, அந்த இடத்துல நாக்க வச்சுக்கிட்டு ஜ சொல்லுங்க. ஜாங், ஜோவ், ஜங். ஷென்ஜென் ஊரும் இதே எழுத்துதான்.

சரி, அப்ப நம்ம ழ எங்க போச்சுன்னு கேட்டா, அது ஆர் எழுத்துல ஒளிஞ்சிட்டு இருக்கு! பின்யின்ல ஆர்னா ர இல்ல, கிட்டத்தட்ட நம்ம ழ, கொஞ்சம் உரசலோட. 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல நம்ம குகேஷ்கிட்ட உலகப் பட்டத்த இழந்தாரே, அவர ஊரே டிங் லிரென், லைரன்னு சொல்லுச்சு. அவரு பேரு லீ-ழன். ழ சரியா வர்ற தமிழ் கமென்டேட்டர் ஒருத்தர் நெனச்சிருந்தா இந்தியாவுலயே அந்த பேர சரியா சொன்ன ஆளா ஆகியிருக்கலாம். வாழைப்பழத்த வாளப்பளம்னு சொல்ற கோஷ்டிக்கு மட்டும் இந்த வசதி கிடையாது.

எஸ்-எச், சி-எச் ரெண்டுக்கும் இதே நாக்கு மடிப்புதான். எக்ஸும் எஸ்-எச்சும் நம்ம காதுக்கு ஒரே ஷவா கேக்கும், நாக்கு இருக்கற இடம்தான் வித்தியாசம்: எக்ஸுக்கு கீழ, எஸ்-எச்சுக்கு மேல.

பெய்ஜிங்ல வர்றது பாலுக்கு வர்ற பவா, பஸ்ஸுக்கு வர்ற பவா?

பாலுக்கு வர்றது. கேள்விய தமிழ்ல எழுதினா ரெண்டுமே பதான், பாதி பதில் அதுலயே இருக்கு. இங்கிலீஷ்ல பாய்க்கு வர்ற பி சொல்றப்ப தொண்டை அதிரும், பென்னுக்கு வர்ற பி சொல்றப்ப அதிராது. சீனத்துல ரெண்டுமே அதிராது. பாய் பி எழுதியிருந்தா நம்ம பால், பல்லுல வர்ற சாதா ப. பென் பி எழுதியிருந்தா அதே பவோட மூச்சு வேகமா வரும், வாய்க்கு முன்னாடி ஒரு டிஷ்யூ பேப்பர பிடிச்சா ஆடணும். டி, ஜி எழுத்துக்கும் இதேதான். டாக்குக்கு வர்ற டின்னா மூச்சில்லாத த, டீக்கு வர்ற டின்னா மூச்சோட த. கேர்ளுக்கு வர்ற ஜின்னா மூச்சில்லாத க, கே எழுத்துன்னா மூச்சோட க.

அதனால டிங்னு வாய் நிறைய அதிர விட வேண்டாம், திங்னு சொன்னா போதும், நாக்கு மட்டும் பல்லுக்கு கொஞ்சம் மேல. ஹிந்தி தெரிஞ்சவங்களுக்கு இந்த மூச்சு சமாச்சாரம் சட்டுன்னு பிடிபடும், தமிழ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு மூச்சில்லாத வரிசை தானா வரும், மூச்சு வரிசைக்கு கொஞ்சம் பழகணும்.

சி எழுத்துன்னா க தானே? கெய், கௌ?

கிடையாது. தனியா வர்ற சி எப்பவுமே த்ஸ, மூச்சோட. சி-ஏ-ஐன்னா த்ஸாய், சி-ஏ-ஓன்னா த்ஸாவ். தனி இசட்டும் அதே த்ஸ, மூச்சில்லாம. அவ்வளவுதான்.

சிந்து மேட்ச்ல எதிர்ல ஆடினது 'ஹி'ன்னு போட்டிருந்தாங்க, பொண்ணுக்கு ஏன் ஹி?

ஹி பிங்ஜியாவ்னு கமென்டேட்டர் சொன்னது, எழுதறது எச்-ஈ. டோக்கியோல சிந்து வெண்கலம் வாங்கினது இவங்கள ஜெயிச்சுதான், பாரிஸ்ல திருப்பி இவங்க சிந்துவ தோக்கடிச்சு வெள்ளி வரைக்கும் போனாங்க. குடும்பப் பேரு ஹீயும் இல்ல ஹேயும் இல்ல. ஒய் தவிர ஒரு மெய்யெழுத்துக்கு நேரா பின்னாடி இங்கிலீஷ் ஈ வந்து அசை முடிஞ்சா அது அவும் உவும் கலந்த ஒரு ஒலி, உதடு குவியாது. காசு, பாட்டு, வீடுன்னு பேச்சுல சொல்லும்போது கடைசில உதடு குவியாம ஒரு அரை உ வருதே, ஸ்கூல்ல குற்றியலுகரம்னு படிச்சோமே, அத கொஞ்சம் வாய் திறந்து நீட்டினா இந்த ஈ வந்துடும். ஹன்னு ஆரம்பிச்சு அதுல முடிங்க.

இன்னொரு ஏமாத்துற எழுத்து ஐ. எஸ், சி, இசட்டுக்கு அப்புறம் வந்தா அது இ இல்ல, அச்சு அசலா "பஸ்ஸு"ல வர்ற அந்த அரை உ. நாக்கு மடக்கற கூட்டம் இருக்கே, எஸ்-எச், சி-எச், இசட்-எச், ஆர், அதுங்களுக்கு அப்புறம் வந்தா ஷழ், ஜழ் மாதிரி முடியும், அதாவது மடக்கின நாக்க எடுக்காம அப்படியே இழுக்கறது. மத்த எல்லா இடத்துலயும் ஐன்னா நம்ம ஈதான்.

உயிர் எழுத்து கூட்டமா வந்தா தலை சுத்துது, ஏதாவது ஷார்ட்கட்?

ஒரு நாலஞ்சு தெரிஞ்சா பெரும்பாலான பேர சமாளிக்கலாம். ஐ-ஏ-என்ன பாத்தா யான் இல்ல, யென், அதனால தியென், ஜியென், லியென். ஒய்-ஏ-என்னும் யென்தான். யூ-ஐ பாத்தா வேய், ஐ-யூ பாத்தா யோ, அதனால எல்-ஐ-யூன்னு எழுதினா லியோ, லியூ இல்ல. ஓ-என்-ஜி பாத்தா உங், செஸ்ல "தான் ஜுங்-ஈ"ன்னு ஒரு வீராங்கனை இருக்காங்க, அவங்கள ஜோங்யின்னு படிப்பாங்க. ஈ-என், ஈ-என்-ஜில வர்ற ஈ அவுக்கும் எவுக்கும் நடுவுல, அதான் ஜங், பங், வன்னு எழுதிட்டு வர்றேன்.

அப்புறம் அந்த ரெண்டு புள்ளி வச்ச யூ. ஈ சொல்ற நாக்கோட உதட்ட மட்டும் ஊ மாதிரி குவிச்சா வரும். ஜே, க்யூ, எக்ஸ், ஒய்க்கு அப்புறம் வர்ற யூ எல்லாம் இதுதான், ஆனா அங்க புள்ளி போட மாட்டாங்க. பெண்கள் உலக செஸ் சாம்பியன் ஜ்யூ வன்ஜ்யூன் பேருல ரெண்டு இடத்துல வருது. பாஸ்போர்ட்ல எல்-ஒய்-யூன்னு ஒரு விசித்திரமான குடும்பப் பேர் பாத்தீங்கன்னா அது புள்ளி போட முடியாத லூ, வேற ஒண்ணும் இல்ல.

எல்லாத்தையும் ஒட்டி எழுதிடறாங்க, எங்க பிரிக்கறது?

சீன அசை ஒண்ணு உயிர்ல முடியும், இல்ல ன், ங்ல முடியும், அபூர்வமா ஆர்ல முடியும். வேற மெய்ல முடியவே முடியாது. அதனால மெய்யெழுத்து புதுசா வர்ற இடத்துல வெட்டுங்க, பெரும்பாலும் தப்பாது. சந்தேகம் வர்ற இடத்துல அவங்களே மேல ஒரு காற்புள்ளி போடுவாங்க. டெரகோட்டா சிப்பாய்ங்க இருக்கற ஊரு ஷீ-ஆன், நடுவுல காற்புள்ளி உண்டு, அத எடுத்துட்டா ஷியென் ஆயிடும்.

டோன் தப்பா போனா கெட்ட வார்த்தை ஆயிடும்னு சொல்றாங்களே, பயமா இருக்கு

மாண்டரின்ல 4 தொனி இருக்கு, மான்னு ஒரே அசைய தொனி மாத்திச் சொன்னா அம்மா, சணல், குதிரை, திட்டறதுன்னு அர்த்தம் மாறும்ங்கறது எல்லாம் உண்மைதான். ஆனா நீங்க இங்கிலீஷ்ல பேசிட்டு நடுவுல ஒரு பேரு சொல்றீங்க, கேக்கறவங்களுக்கு அது பேருன்னு தெரியும், யாரும் குதிரைன்னு நெனச்சுக்க மாட்டாங்க. மெயில்லயும் பாஸ்போர்ட்லயும் தொனிக் குறியே இருக்காது, அதனால எழுத்தப் பாத்து தொனி கண்டுபிடிக்கவும் வழி இல்ல. என்னக் கேட்டா மெய் எழுத்த சரி பண்ணுங்க, தொனிய விட்டுடுங்க. ரொம்ப நாள் பழகப் போற ஆள்னா அவங்க வாயால ஒரு தடவ சொல்லச் சொல்லி அந்த ராகத்தோட மனப்பாடம் பண்ணிக்கலாம்.

சிங்கப்பூர் மேனேஜர் பேரு வெறும் என்-ஜி. இது இனிஷியலா?

முழுப் பேரு. ங். ங போல் வளைன்னு படிச்சுட்டு அப்புறம் எங்கயும் தனியா யூஸ் பண்ணாத அந்த எழுத்துக்கு இங்கதான் வேலை. இங்கன்னு சொல்லி முன்னாடி இவையும் பின்னாடி கவையும் விழுங்கிடுங்க, மிச்சம் இருக்கறது அவரு பேரு. வெள்ளைக்காரங்க எங், இங்னு சொல்லிப்பாங்க, அவங்களே பழகிட்டு அத ஏத்துக்கறதும் உண்டு.

மேல சொன்ன பின்யின் விதி சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் பேருக்கு பெரும்பாலும் ஓடாது. அங்க இருக்கறவங்க முன்னோர் பேசினது ஹொக்கியன், தியோச்சு, கான்டனீஸ் மாதிரி பாஷைங்க, அந்த ஒலிய பிரிட்டிஷ்காரன் காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சான். அதனால ஒரே சீன எழுத்து சீனாவுல "ச்சன்", ஹாங்காங்ல "சான்", சிங்கப்பூர்ல "தான்". ஜாக்கி சானும் நம்ம தெருவுல குடியிருக்கற மிஸஸ் தானும் எழுத்துல ஒரே குடும்பப் பேரு. 2024ல சிங்கப்பூர் பிரதமரான லாரன்ஸ் வோங்கோட பேரு மாண்டரின்ல ஹுவாங். இவங்க பேர எல்லாம் அவங்க ஊரு வழக்கப்படிதான் சொல்லணும், மாண்டரின் தெரியும்னு போய் திருத்தினா அதிகப்பிரசங்கித்தனம்.

தைவான் சப்ளையருக்கும் இதே ரூலா?

பாதி. தைவான்ல பேசறது மாண்டரின்தான், ஆனா பேர எழுதறது பெரும்பாலும் வேட்-ஜைல்ஸ்ங்கற பழைய முறைல. எச்-எஸ் பாத்தீங்கன்னா அது மேல சொன்ன எக்ஸ். சி-எச்-ஏ-என்-ஜி இருந்தா பெரும்பாலும் ஜாங். டீ டி இருந்தாலும் நடுவுல காற்புள்ளி இல்லன்னா மூச்சில்லாத த, கொடுமை என்னன்னா அந்த காற்புள்ளிய யாரும் போடறதே இல்ல. பேட்மின்டன்ல டோக்கியோ செமிஃபைனல்ல சிந்துவ ஜெயிச்ச தாய் த்ஸு-யிங் தைவான்காரங்க, அவங்க பேர பின்யின்ல எழுதினா முதல் எழுத்து டாக் டி ஆயிடும். எழுத்து மாறும், ஒலி அதேதான்.

ஸ்கூல்ல யுவான் சுவாங், பாஹியான்னு படிச்சோமே, இப்ப எங்கயும் அந்த பேரே இல்லையே?

காஞ்சிபுரத்துக்கு வந்தவரா படிச்சோமே, அதே ஆளுதான், பின்யின்ல ஷுவென்த்ஸாங். பாஹியான் இப்ப ஃபாஷியென். நம்ம புக்ல இருக்கறது பிரிட்டிஷ் காலத்து எழுத்துமுறை வழியா வந்த பேரு. வடக்குச் சீனப் பேச்சுல ஹி, கி எல்லாம் காலப்போக்குல ஷி, ஜின்னு மாறிடுச்சு, அதான் அன்னிக்கு பீகிங் இன்னிக்கு பெய்ஜிங், நான்கிங் நான்ஜிங். பரீட்சைக்கு யுவான் சுவாங்னே எழுதுங்க, மார்க் முக்கியம்.

பேர வச்சு ஆணா பெண்ணான்னு எப்படி கண்டுபிடிக்கறது?

முடியாதுன்னு வச்சுக்கங்க. சீன எழுத்துல பாத்தா ஓரளவு ஊகிக்கலாம், பின்யின்ல ஒரே அசைக்குப் பின்னாடி எத்தனையோ எழுத்து இருக்கும். பேச்சுலயும் அவன், அவள் ரெண்டுக்கும் தான்னு ஒரே ஒலி. மெயில்ல மிஸ்டர், மிஸ் போடாம முழுப் பேரையும் போட்டுடுங்க. நம்மகிட்ட அவங்கன்னு ஒரு சொல் இருக்கறதால ஆபீஸ்குள்ள தமிழ்ல பேசிக்கறப்ப இந்த பிரச்சினையே வராது.

நேர்ல எப்படி கூப்பிடறது? லீழன், இங்க வாங்கன்னா?

சொந்தப் பேர மட்டும் சொல்லிக் கூப்பிடறது அங்க வீட்டாளுங்க, நெருங்கின ஃப்ரெண்ட்ஸ். மாமல்லபுரம் சமயத்துல நம்ம பேப்பர்ல எல்லாம் "மோடி - ஜின்பிங்"னு தலைப்பு போட்டாங்க, சீனாக்காரங்க காதுக்கு அது ஒரு மாதிரிதான் இருக்கும். கூட வேலை செய்றவங்க முழுப் பேரையும் சேர்த்து திங் லீழன்னு கூப்பிடறது சகஜம், அதுல மரியாதைக் குறைவு எதுவும் இல்ல. பெரிய பதவின்னா குடும்பப் பேருக்குப் பின்னாடி பதவி, வாங் த்ஸுங்னா வாங் டைரக்டர் சார்னு வச்சுக்கலாம். சின்னப் பசங்கள ஷியாவ் வாங், வயசானவங்கள லாவ் வாங்னு அவங்களுக்குள்ள சொல்லிப்பாங்க, நாம ஆரம்பிக்க வேண்டாம்.

அவரே கெவின்னு சொல்லிக்கறாரு, நான் எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?

கெவின்னு சொன்னா கெவின்னுதான் கூப்பிடணும், அது அவரு இஷ்டப்பட்டு வச்சுக்கிட்டது. ஸ்கூல்ல இங்கிலீஷ் கிளாஸ்ல வச்ச பேரா இருக்கும், பல பேருக்கு அது பிடிச்சும் இருக்கும். உங்க உச்சரிப்பு திறமையக் காட்டறதுக்காக அவரு சொல்லாத பேர தோண்டி எடுத்து கூப்பிட வேண்டாம். ஆனா இன்வாய்ஸ்லயும் விசா லெட்டர்லயும் கெவின் இருக்க மாட்டாரு, அங்க இருக்கற பேர எம்டி முன்னாடி நீங்கதான் சத்தமா படிக்கணும், அதுக்காவது தெரிஞ்சு வச்சுக்கங்க.

அவங்க மட்டும் நம்ம பேர சரியா சொல்றாங்களா?

இல்ல, காரணம் மேலயே இருக்கு. அவங்க அசை ன், ங் தவிர மெய்ல முடியாது, ரெண்டு மெய் ஒட்டியும் வராது. கார்த்திக் கா-அ-தி-குன்னு நாலு துண்டா வருவார், விக்னேஷுக்கு வி இல்லாததால உதடு குவிச்சு வெய்-கு-நெய்-ஷன்னு ஏதோ ஒண்ணு வரும். பொறுமையா ஒவ்வொரு அசையா பிரிச்சு சொல்லிக் குடுங்க, அசை அசையாத்தான் அவங்க காது வேலை செய்யும். இளங்கோ, மணி, லதான்னு பேரு இருக்கறவங்க அதிர்ஷ்டசாலிங்க.

இதெல்லாம் ஞாபகம் இல்லாம கால்ல மாட்டிக்கிட்டா?

முன்னாடி நாளே சாட்ல "உங்க பேர சீன எழுத்துல அனுப்ப முடியுமா"ன்னு கேளுங்க, சந்தோஷமா அனுப்புவாங்க. அத கூகுள் டிரான்ஸ்லேட்ல போட்டு ஸ்பீக்கர் பட்டன அமுக்கினா தொனியோட சொல்லும். பின்யின போட்டு அமுக்கினா சில சமயம் இங்கிலீஷ் குரல்ல கண்டபடி படிக்கும், அத நம்பாதீங்க. அதுக்கும் நேரம் இல்லன்னா கால் ஆரம்பத்துலயே "நான் சொல்றது சரியா"ன்னு ஒரு தடவ சொல்லிக் காட்டி திருத்திக்கங்க. ஆனா ஒரே தடவதான், கால்ல இருக்கற எட்டு பேரு முன்னாடி எட்டு தடவ முயற்சி பண்ணிட்டு இருந்தா பேருக்கு சொந்தக்காரருக்குத்தான் சங்கடம்.